நுவார் நாயகன் யாரிடம் கதை சொல்கிறான்?

நுவார் (1940களையொட்டி வந்த, நிழலும் குற்றமும் நிறைந்த ஹாலிவுட் படங்கள்) ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம்: இருப்பதிலேயே கொடியவள் யார்? 'டபுள் இண்டெம்னிட்டி'யின் (1944) ஃபிலிஸா, 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்'டின் (1947) கேத்தியா, 'டீட்டூர்' (1945) படத்து வேராவா? ஆளுக்கொரு பெயரும் காரணமும் வைத்திருப்பார்கள். அந்தக் காரணங்களைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால், பல திரையில் நாம் கண்ணால் பார்த்தவையாகவே இருக்காது. நாயகன் வாய்ஸ் ஓவரில் நம் காதில் போட்டவையாக இருக்கும்.

அதனால் ஒரு ஃபெம் ஃபத்தாலை (ஆணை மயக்கி அழிவுக்கு இழுக்கும் பெண் பாத்திரத்தை) எடைபோடும் முன் கேட்கவேண்டியது என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான். இந்தக் கதையை அவன் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்?

'டபுள் இண்டெம்னிட்டி'யில் இன்ஷூரன்ஸ் விற்பனையாளன் வால்டர் நெஃப் தோளில் குண்டடிபட்டு, நள்ளிரவில் தன் ஆபீசுக்கு வந்து, டிக்டஃபோன் என்ற குரல் பதிவுக் கருவியில் பேசுகிறான். கேட்கப்போகிறவர் க்ளெய்ம்ஸ் மேனேஜர் கீஸ். பொய் க்ளெய்மை மூக்காலேயே மோப்பம் பிடிக்கிறவர், நெஃப் உள்ளுக்குள் மதிக்கும் ஒரே மனிதர். அவரிடம் சொல்லும்போது தன் பங்கை எங்கே கூட்டுகிறான், எங்கே குறைக்கிறான் என்று கவனித்தால் படம் வேறாகத் தெரியும்.

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொண்டு பாருங்கள். முதல் பத்தியில் அவள் கேமரா முன்னால் செய்வது, இரண்டாவதில் அவன் குரல் அவளைப் பற்றிச் சொல்வது, மூன்றாவதில் மற்றவர்கள் சொல்வது. கணவனுக்குத் தெரியாமல் விபத்து பாலிசி எடுக்க முடியுமா என்று ஃபிலிஸ் கேட்பது முதல் பத்திக்குப் போகும். நெஃப் விஷயத்தைப் புரிந்துகொண்டு வெளியேறியதும், தொப்பியை மறந்துவிட்டீர்கள் என்று அன்றிரவே அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பாளே, அதுவும் அங்கேதான். கையில் தொப்பி கிடையாது. ஆனால் ரயில் விபத்து என்றால் 50,000 டாலர் பாலிசி இரட்டிப்பாகி ஒரு லட்சம் கிடைக்கும் என்ற யோசனை அவளுடையது அல்ல, நெஃபுடையது. கம்பெனியை ஏமாற்றும் வழியைத் தான் வெகுநாளாகவே யோசித்துவந்ததாக அவனே ஒத்துக்கொள்கிறான். கணவனிடம் ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவதும் அவன், கழுத்தை முறிப்பதும் அவன். அவள் மயக்கிவிட்டாள், இவன் விழுந்துவிட்டான் என்ற வழக்கமான சுருக்கம் இந்தத் தாளுக்கு முன்னால் நிற்காது.

மூன்றாவது பத்திதான் சுவாரசியம். கணவனின் முதல் மனைவி நோயில் படுத்திருந்தபோது நர்ஸாக இருந்த ஃபிலிஸ், குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து அவளைச் சாகவிட்டாள் என்ற கதையை நாம் பார்ப்பதில்லை. சித்தியைப் பிடிக்காத மகள் லோலா நெஃபிடம் சொல்கிறாள், நெஃப் கீஸிடம் சொல்கிறான். உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஃபிலிஸைப் 'பிறவிக் கொலைகாரி' ஆக்கும் பெரிய சான்று இப்படி இரண்டு வாய் தாண்டி வந்தது என்பதை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. கடைசிச் சந்திப்புக்கு முன் ஃபிலிஸ் தனியாக இருக்கிறாள். துப்பாக்கியை நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். நெஃப் அந்த வீட்டுக்குள் அப்போது இல்லவே இல்லை. பார்க்காததை எப்படிச் சொல்கிறான்? ஊகம்தான்.

கொலைக் காட்சியைத் தனியாகப் பார்க்கவேண்டும். ஃபிலிஸ் காரை ஓட்டுகிறாள், கணவன் பக்கத்து சீட்டில், நெஃப் பின்சீட்டுத் தரையில் பதுங்கியிருக்கிறான். மூன்று முறை ஹாரன் அடிக்கிறாள், அதுதான் சைகை. கொலை நடக்கும்போது கேமரா அவள் முகத்தை விட்டு நகர்வதே இல்லை. கண் சாலையில், உதட்டோரம் ஏதோ ஒரு திருப்தி. இது இயக்குநர் வைல்டரின் கலைத்திறன் என்பது சரி, ஆனால் பாதிக் காரணம் தணிக்கை. 1930இல் எழுதி 1934 முதல் கண்டிப்பாக அமல்படுத்திய ஹேஸ் கோட் என்ற ஹாலிவுட் தணிக்கை விதித்தொகுப்பு, கொலை செய்யும் முறையை விவரமாகக் காட்டக்கூடாது என்றது. கையைக் காட்ட முடியாததால் முகத்தைக் காட்டினார்கள். கொலை செய்தவன் திரைக்கு வெளியே போய்விட்டான், கொலையின் முகமாக அவள் நம் மனதில் தங்கிவிட்டாள். ஃபெம் ஃபத்தால் என்ற பிம்பத்தை வளர்த்ததில் அந்த விதிகளுக்குப் பெரிய பங்குண்டு. குற்றவாளி தப்பக்கூடாது என்பது இன்னொரு விதி. அதனால்தான் இந்தப் பெண்களில் பலர் கடைசி ரீலைத் தாண்டுவதில்லை.

(ஃபிலிஸின் பொன்னிற விக் பற்றிக் கிண்டல் அடிக்காத ரசிகர் இல்லை. படம் எடுத்த பாரமவுண்ட் ஸ்டூடியோவிலேயே ஒரு பெரிய தலை, ஃபிலிஸாக நடிக்க ஸ்டான்விக்கை ஒப்பந்தம் செய்தால் ஜார்ஜ் வாஷிங்டன் வந்து நிற்கிறார் என்றாராம். அந்த விக் மலிவாகத்தான் தெரியவேண்டும், அவள் அப்படித்தான். எனக்கு உறுத்துவது நெஃபின் அபார்ட்மெண்ட் கதவு. அது வெளிப்பக்கமாகத் திறக்கிறது. ஃபிலிஸ் அதன் பின்னால் ஒளிய வேண்டுமே என்பதற்காக மட்டும்!)

'அவுட் ஆஃப் தி பாஸ்ட்'டில் கேட்பவர் வேறு. ஜெஃப் தன் பழைய கதையை, கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் ஆனிடம், இரவில் டாஹோ ஏரிக்குக் கார் ஓட்டிக்கொண்டே சொல்கிறான். வருங்கால மனைவியிடம் பழைய காதலியைப் பற்றிச் சொல்லும் ஆண் எப்படிச் சொல்வான்? நான் ஏன் விழுந்தேன் என்பது புரிகிற அளவுக்கு அவள் அழகாக இருக்கவேண்டும், என்னை மன்னிக்கிற அளவுக்கு மோசமானவளாகவும் இருக்கவேண்டும். அகபுல்கோவின் இருட்டான சிற்றுணவகத்துக்குள், வெளிவெயிலிலிருந்து வெள்ளை உடையில் கேத்தி நடந்து வரும் அந்தப் புகழ்பெற்ற நுழைவு முழுக்க ஜெஃபின் நினைவு. விட் (Whit) என்ற காதலனைச் சுட்டுவிட்டு 40,000 டாலரோடு ஓடியவள் என்று நாம் முன்பே கேள்விப்பட்டிருக்கிறோம். பணத்தை எடுக்கவில்லை என்கிறாள், அவனும் நம்புகிறான்.

கார் அந்த விட் என்பவனின் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஃபிளாஷ்பேக் முடிகிறது, வாய்ஸ் ஓவரும் நின்றுபோகிறது. அதற்குப் பின் வரும் கேத்தியைத்தான் நாம் நேரடியாகப் பார்க்கிறோம். ஜேன் கிரீயரின் நடிப்பில் அந்தக் கோடு துல்லியமாக இருக்கிறது. முன்பாதியில் பேசும்போது கண்ணில் ஒரு மென்மை. பின்பாதியில் அதே அசையாத முகம், ஆனால் மென்மை போய்விட்டது. உடையும் வெளிறிய நிறங்களில் தொடங்கிக் கடைசியில் கன்னியாஸ்திரீ மாதிரி தலையை மூடும் கறுப்புக்கு வந்து நிற்கிறது. இயக்குநர் ஜாக் டூர்னர் வசனத்தால் செய்யாததைத் துணியால் செய்திருக்கிறார். நாயகன் துணையில்லாமல் பார்த்த பிறகும் கொடியவளாகவே நிற்கிற அபூர்வம் கேத்தி. மேலே சொன்ன சண்டையில் என் ஓட்டு அவளுக்குத்தான்.

'டீட்டூர்' நாயகன் ஆல் ராபர்ட்ஸுக்குக் கேட்க ஆளே இல்லை. சாலையோர உணவகத்தில் உட்கார்ந்து தனக்குள் பேசுகிறான். ஆள் இல்லாததால் கேட்பவர் நாம்தான், அதுவும் ஜூரி மாதிரி. லிஃப்ட் கொடுத்தவன் காரிலிருந்து விழுந்து கல்லில் தலை அடித்துச் சாகிறான், அது தற்செயல். அடுத்து வேரா பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் டெலிபோன் ஒயர் கழுத்தில் சுற்றிக் கிடக்க, இந்தப் பக்கம் இருந்து இவன் ஒயரை இழுக்கிறான், அதுவும் தற்செயல். ஒருவன் கையில் இரண்டு மரணம், இரண்டுக்கும் விதிதான் காரணம் என்கிறான்! வேராவாக நடித்த ஆன் சாவேஜ் காட்டும் அந்தக் கடுகடுப்பு, கத்தியால் வெட்டுவது போன்ற பேச்சு எல்லாம், அவளைத் தான் கொன்றதற்கு நியாயம் தேடுபவன் வரைந்த படம் என்று வைத்துப் பாருங்கள், 68 நிமிடப் படம் இரண்டு மடங்கு கனக்கும்.

'கில்டா' (1946) ரசிகர்கள் அதிகம் தவறாக அடுக்கும் படம். பட்டியல்களில் ரீட்டா ஹேவொர்த் முதல் வரிசையில் இருப்பார், ஆனால் கில்டா படம் முழுக்க ஒரு குற்றமும் செய்வதில்லை. அவள் கெட்டவள் என்பது நாயகன் ஜானியின் வாய்ஸ் ஓவரும் பொறாமையும்தான். கடைசியில் போலீஸ் அதிகாரியே ஜானியிடம் அதைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஜீன் லூயி தைத்த கறுப்பு சாட்டின் உடையில் அவள் பாடும் பாட்டின் வரிகளைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. சிகாகோ தீ, 1888 நியூயார்க் பனிப்புயல், சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் மேம் என்ற ஒருத்தியைக் குற்றம் சொல்கிற கேலிப்பாட்டு அது. குரல் அனிட்டா எல்லிஸ். கையுறையைக் கழற்றுவதை மட்டும் பார்த்தவர்கள் பாட்டைக் கேட்கத் தவறிவிட்டார்கள்.

இந்த அளவுகோல் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941) படத்தில் வாய்ஸ் ஓவரே கிடையாது, ஆனாலும் பிரிஜிட் பெயர் மாற்றிப் பெயர் மாற்றிப் பொய் சொல்வதை நாமே பார்க்கிறோம். 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்'டிலும் (1945) கிடையாது. அங்கே கொன்றவன் தப்ப, கொல்லாதவன் மின்சார நாற்காலிக்குப் போகிறான். நியூயார்க் மாநிலத் தணிக்கையாளர்கள் அதைத் தடைசெய்தார்கள். 'கன் கிரேஸி' (1950) இன்னொரு வகை. வங்கிக் கொள்ளையை ஒரே ஷாட்டில், கேமராவைக் காரின் பின்சீட்டில் வைத்து எடுத்திருக்கிறார்கள். நாம் கொள்ளையர்களோடு உட்கார்ந்திருக்கிறோம், இடையில் நின்று விளக்க யாருமில்லை.

ஒளிக்கு வருவோம். நுவாரின் அடையாளமான, முகத்தில் விழும் ஜன்னல் ப்ளைண்ட்ஸ் பட்டை நிழலைப் புகைப்படத்தில் கொண்டுவர முயன்று தோற்பவர்கள் பலர். தோல்விக்குக் காரணம் அநேகமாக விளக்கின் அளவு. நிழலின் ஓரம் எவ்வளவு மங்கும் என்பதற்குக் கணக்கு எளிது: விளக்கின் அகலத்தைப் பட்டைக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் பட்டைக்கும் உள்ள தூரத்தால் வகுக்கவேண்டும். 5 செ.மீ. அகல விளக்கு 3 மீட்டர் பின்னால், முகம் பட்டையிலிருந்து 60 செ.மீ. என்றால் மங்கல் 1 செ.மீ.; கோடு நன்றாக விழும். அதே இடத்தில் 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டி) வைத்தால் மங்கல் 12 செ.மீ., கோடே இருக்காது. அதனால் விளக்கின் முன்னால் உள்ள, ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூஷனைக் கழற்றுங்கள், ஒளியைக் குவிக்கும் வில்லையுள்ள ஃப்ரெஸ்னல் விளக்கோ மூடியில்லாத ஒற்றை எல்இடியோ போதும். வீட்டு ப்ளைண்ட்ஸின் இடைவெளி குறுகலாக இருந்தால் அட்டையில் 4 செ.மீ. பிளவுகள் வெட்டி அதையே நிறுத்துங்கள். விளக்கை ஆள் தலைக்கு மேலே, பக்கவாட்டில் 45 டிகிரியில் வைத்து, ஒரு வெளிச்சக் கோடு சரியாக இரண்டு கண்ணிலும் விழும்வரை அட்டையை ஏற்றி இறக்கவேண்டும். கண்ணில் நிழல் விழுந்தால் படம் செத்தது.

ஃபில் லைட்டை (நிழலை லேசாக்கும் துணை விளக்கு) கீ லைட்டைவிட (முதன்மை விளக்கு) 3 ஸ்டாப் குறைவாக, அதாவது 8:1 அளவில் வையுங்கள். எக்ஸ்போஷரை வெளிச்சக் கோட்டுக்குத்தான் வைக்கவேண்டும், நிழலுக்கு வைத்தால் முகம் வெளுத்துவிடும். வெள்ளைச் சுவர் அறையில் ஃபில்லே போடாமலும் நிழல் சாம்பலாகும், சுவர் ஒளியைத் திருப்பி அனுப்புவதால். எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி தொங்கவிட்டால் சரியாகும். 'டபுள் இண்டெம்னிட்டி'யின் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், ஃபிலிஸ் வீட்டு ஹாலில் காற்றில் அலுமினியத் துகள் தூவி வெயில் கீற்றைக் கண்ணுக்குத் தெரியவைத்தார். வீட்டில் அதைச் செய்யாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. லேசான ஃபாக் மெஷின் போதும்.

பார்க்கும் டிவியையும் சரிசெய்யவேண்டும். அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், காட்சி இருண்டதும் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து நிழலைத் துடிக்கவிடும். பிளேயர் கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவை லிமிடெட் ரேஞ்சில் (16–235) அனுப்ப, டிவி ஃபுல் ரேஞ்சை (0–255) எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். தலைகீழாக இருந்தால் நிழலுக்குள் இருக்கும் விவரம் முழுக்கக் கறுப்பில் மூழ்கும். இரண்டு பக்கமும் ஒரே ரேஞ்ச் இருக்கட்டும். திரை விகிதம் 1.37:1, இரு ஓரமும் கறுப்புப் பட்டை வருவது சரியே. ஜூம் செய்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, ஃபிலிஸின் கால் கொலுசு போன்ற முக்கியமான சங்கதிகள் காணாமல் போகும்.

பழைய ஐரோப்பிய டிவிடிகளில் 24 ஃபிரேம் படத்தை 25இல் ஓட்டுவார்கள். 107 நிமிட 'டபுள் இண்டெம்னிட்டி' கிட்டத்தட்ட 103 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதி திருத்தாத பிரதியில் ஸ்டான்விக்கின் கனத்த குரலும் அதே 4 சதவீதம் மேலேறிக் கேட்கும். 'டீட்டூர்', 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' இரண்டும் காப்புரிமை இல்லாதவை என்பதால் இணையத்தில் தேய்ந்த பிரதிகள் குவிந்துகிடக்கின்றன. 'டீட்டூர்' பார்ப்பதானால் 2018இல் மீட்டெடுத்த பதிப்பைத் தேடுங்கள். அதில் லிஃப்ட் கேட்கும் காட்சிகளில் கார் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்து டிஸ்க் கோளாறு என்று நினைக்கவேண்டாம். பயணத் திசை மாறாமல் இருக்க இயக்குநர் உல்மரின் குழு நெகட்டிவைப் புரட்டிப் போட்டது. அதனால் அந்தக் காட்சிகளில் மட்டும் அமெரிக்கச் சாலையில் கார்கள் எல்லாம் இடப்பக்கம் போகின்றன.