1/16 அளவு இழுவை ஸ்லெட்: கட்டுமான நாட்குறிப்பு

ஜூன் 1

முதலில் கணக்கு, பிறகு ரம்பம். டிராக்டர் இழுவைப் போட்டியில், ஸ்லெட் என்ற பாரவண்டியை டிராக்டர் எவ்வளவு தூரம் இழுக்கிறது என்பதுதான் பந்தயம். முழுத் தூரம் வழக்கமாக 300 அடி. 16ஆல் வகுத்தால் 18.75 அடி, அதாவது 5.7 மீட்டர். ரிமோட் டிராக்டர் ஓடும் தடத்தின் நீளம் இதுதான். ஸ்லெட்டின் எல்லா அளவுகளும் இந்த 5.7 மீட்டரிலிருந்தே பிறக்க வேண்டும்.

ஸ்லெட் வேலை செய்யும் விதம் எளிது. பின்னால் சக்கரம், முன்னால் தரையோடு உரசும் சறுக்குத் தட்டு, நடுவில் தண்டவாளத்தில் ஓடும் எடைப்பெட்டி. ஸ்லெட் நகர நகர, பின்சக்கரத்தின் சுழற்சியே பெட்டியை முன்னால் இழுத்து வருகிறது. பெட்டி முன்னேறும்போது தட்டின் மேல் பாரம் கூடி, உராய்வு கூடி, கடைசியில் டிராக்டர் நிற்கிறது. இந்த அமைப்பு வருவதற்கு முன் தடத்தின் ஓரத்தில் வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். ஸ்லெட் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன் மேல் ஏறிக்கொள்வார்கள். அந்த மனிதர்களின் வேலையைத்தான் பெட்டி செய்கிறது.

எடையை நீளத்தைப் போல 16ஆல் வகுக்கக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 16 × 16 × 16 = 4096ஆல் வகுக்க வேண்டும். முழு அளவில் 20 டன் ஸ்லெட் என்றால் இங்கே 4.9 கிலோ. ஆனால் மாதிரி டிராக்டர்களில் பாரம் ஏற்றி 3 கிலோவுக்கு மேல் கொண்டுபோவது வழக்கம். அதனால் சட்டம் 2.4, பெட்டி 4, மொத்தம் 6.4 கிலோ என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 3

சட்டம் முடிந்தது. 25 × 25 × 3 மி.மீ. அலுமினிய ஆங்கிள், 760 மி.மீ. நீளத்தில் இரண்டு. இடைவெளி 130. குறுக்கே நான்கு பட்டைகள், எல்லாம் எம்4 போல்ட். ரிவெட் அடிக்கவில்லை. தண்டவாளம் இணையாக இல்லாவிட்டால் கழற்றிச் சரிசெய்ய வேண்டியிருக்கும், ரிவெட் அதற்கு இடம் தராது.

பின் அச்சு 8 மி.மீ. இரும்புத் தண்டு, இரண்டு 608 பேரிங்கில். சக்கரம் 100 மி.மீ. விட்டம், கெட்டிப் பிளாஸ்டிக். இரண்டு சக்கரமும் தண்டோடு இறுகியிருக்க வேண்டும், பெட்டியை ஓட்டப் போவது இந்தத் தண்டுதான். கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) உட்காரும் இடத்தில் தண்டை அரத்தால் தட்டையாகத் தேய்த்தாக வேண்டும். உருண்டையான தண்டில் கிரப் ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கினாலும் நான்கு ஓட்டத்தில் வழுக்கும்.

அச்சிலிருந்து தட்டின் நடுவுக்கு 620 மி.மீ.

ஜூன் 4

பெட்டி 3 மி.மீ. இரும்புத் தகடு, உள்ளளவு 105 × 70, உயரம் 65. கீழே நான்கு 624 பேரிங். அவை ஆங்கிளின் மேல் விளிம்பில் ஓடும். பக்கவாட்டில் அசையாமல் இருக்க, உட்புறம் தாங்கும்படி இன்னும் இரண்டு. வெற்றுப் பெட்டி பேரிங்குகளோடு 1 கிலோ. பாரத்துக்கு 50 × 10 இரும்புப் பட்டையை 64 மி.மீ. துண்டாக அறுத்தால் ஒன்று 250 கிராம் வரும். 12 துண்டு, 3 கிலோ. ஈயம் தேவையில்லை.

ஜூன் 8

பெட்டியை நகர்த்த எம்8 மரைத்தண்டு போட்டேன். சுலபமாகக் கிடைக்கிற பொருள், பெட்டியின் அடியில் ஒரு நட்டு போதும், பார்க்கவும் அழகு. கணக்கு இப்படி: 100 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 314, 5.7 மீட்டருக்கு 18.2 சுற்று. பெட்டி ஏறக்குறைய 480 மி.மீ. போக வேண்டும், ஆக ஒரு சக்கரச் சுற்றுக்கு 26 மி.மீ. மரைத்தண்டு ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ.தான் தள்ளும். எனவே சக்கரம் ஒரு முறை சுற்றினால் தண்டு 20 முறை சுற்ற வேண்டும். 4.5 மடங்கில் இரண்டு அடுக்கு கியர்.

கையால் தள்ளிப் பார்த்தபோது எல்லாம் ஓடியது. தராசு மாட்டி இழுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

ஜூன் 9

இதை விரிவாகக் குறிக்க வேண்டும். முதன்முதலாக ஸ்லெட் கட்டுகிறவர்களைக் கவிழ்ப்பது இந்த இடம்தான்.

பெட்டி பின்னால் இருக்கும்போது தட்டின் மேல் பாரம்: சட்டத்தின் பங்கு 1 கிலோ, பெட்டியின் பங்கு 260 கிராம். பிளைவுட் தடத்தில் அலுமினியத் தட்டின் உராய்வு விகிதம் 0.35 வந்தது (கியரைக் கழற்றிவிட்டு, தட்டை மட்டும் இழுத்து அளந்தது). எனவே தொடக்கத்தில் 440 கிராம் இழுவை காட்ட வேண்டும். தராசு காட்டியது 1.25 கிலோ. மிச்சம் 800 கிராம் எங்கிருந்து?

மரைத்தண்டைத் தனியாக விரலால் சுற்றிப் பார்த்தால் லேசாகத்தான் இருக்கிறது. ஒரு நெம்புகோல் கட்டி அளந்தால் 200 கிராம்–செ.மீ. ஆனால் அது 20 மடங்கு வேகத்தில் சுற்றுகிறது, அதனால் அந்தத் தடையும் சக்கரத்தில் 20 மடங்காகத் தெரியும்: 4000 கிராம்–செ.மீ. சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. என்பதால் விளிம்பில் 800 கிராம். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

அதைவிடக் கெட்டது, பெட்டி 380 மி.மீ. வந்ததும் நின்றுவிட்டது. சக்கரம் சுற்றாமல் தடத்தில் தேய்ந்துகொண்டே போனது. தட்டில் ஏறும் ஒவ்வொரு கிராமும் சக்கரத்திலிருந்து இறங்கிய கிராம். பெட்டி முன்னேற முன்னேற, அதைத் தள்ள வேண்டிய சக்கரமே பிடிமானத்தை இழக்கிறது. பெட்டி அந்த இடத்துக்கு வந்தபோது சக்கரத்தின் மேல் 2.7 கிலோதான் மிச்சம். பிளாஸ்டிக்கின் பிடிமானம் பாரத்தில் 0.3 பங்கு, ஆக 800 கிராம். தேவையும் 800. அங்கேயே நிற்கும், நின்றது.

எண்ணெய் போட்டால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். பிளைவுட் தூசி எண்ணெயோடு சேர்ந்து மரையில் பசையாகிவிடும். வேகத்தைக் கூட்டும் கியர் எதுவும் ஸ்லெட்டில் கூடாது. சக்கரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் எல்லாமே வேகத்தைக் குறைப்பதாக இருக்க வேண்டும்.

ஜூன் 14

மரைத்தண்டு வெளியே, 3டி பிரிண்டரில் வரும் ஜிடி2 பெல்ட் உள்ளே (2 மி.மீ. பல், 6 மி.மீ. அகலம்). சக்கர அச்சில் 20 பல் புல்லி. அதற்குச் சற்று முன்னால் ஒரு குறுக்குத் தண்டு, அதில் 30 பல் புல்லி. அதே குறுக்குத் தண்டின் நடுவில் இன்னொரு 20 பல் புல்லி. அதிலிருந்து முன்பக்கத்தில் சும்மா சுழலும் வெற்றுப் புல்லிவரை நீண்ட பெல்ட், அதன் மேல் பக்கத்தைப் பெட்டியின் அடியில் இரு தகட்டுக்கு நடுவே கவ்வினேன். 20 பல் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. இழுக்கும். 1.5ஆல் வகுத்தால் சக்கரச் சுற்றுக்கு 26.7 மி.மீ. மரைத்தண்டு தந்த அதே வேகம், உராய்வுதான் இல்லை.

திசையைக் கவனிக்கவும். கீழ்ப் பக்கத்து பெல்ட்டைக் கவ்வினால் பெட்டி பின்னோக்கிப் போகும். பெல்ட்டைக் குறுக்கே மாற்றிப் போட முடியாது, கவ்வும் பக்கத்தை மாற்றுவதுதான் வழி.

பெல்ட்டை வீணைத் தந்தி போல இறுக்கக் கூடாது. நடுவில் விரலால் அழுத்தினால் 5 மி.மீ. இறங்கட்டும். அதிகம் இறுக்கினால் பேரிங்கில் தடை, தளர்ந்தால் டிராக்டர் வெடுக்கென்று கிளம்பும்போது பல் தாண்டும்.

ஜூன் 15

சக்கரத்துக்கு ரப்பர். சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி மாட்டி ஒட்டினேன். பிடிமானம் உடனே மாறியது. ஆனால் விட்டம் 103 ஆகிவிட்டது, 5.7 மீட்டருக்கு இப்போது 17.7 சுற்றுதான். பெட்டியின் பயணம் 485க்குப் பதில் 471 மி.மீ. முன் தடுப்புக் கட்டையை அதற்கேற்ப நகர்த்தினேன். ரப்பர் போடும் எண்ணம் இருந்தால் கணக்கை அதை வைத்தே தொடங்குவது நல்லது.

ஜூன் 18

தடுப்பில் முட்டிய பிறகும் சக்கரம் சுற்றினால் பெல்ட் பல் உரியும். அதற்கு ஒரு கிளட்ச் வேண்டும். 30 பல் புல்லியின் கிரப் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, இருபுறமும் ஃபெல்ட் வாஷர் வைத்து, ஒரு ஸ்பிரிங்கும் நைலாக் நட்டும் (தானாகத் தளராத நட்டு) போட்டு அழுத்தினேன். அளவுக்கு மேல் தடை வந்தால் புல்லி தண்டில் வழுக்கும். இன்னொரு லாபமும் உண்டு: ஓட்டம் முடிந்ததும் பெட்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளினால் போதும். பெட்டியை விடுவிக்கத் தனியாக ஊசியோ கொக்கியோ வேண்டாம்.

முதலில் பெட்டியில் 300 கிராம் விசைக்கு வழுக்கும்படி வைத்தேன். பெட்டியை உருட்ட 80 கிராம் போதும் என்பதால் அது தாராளம் என்று பட்டது. தவறு. டிராக்டர் குதித்துக் குதித்து இழுக்கும்போது ஸ்லெட் முன்னும் பின்னும் உலுக்கப்படுகிறது. ஸ்லெட் சட்டென்று வேகம் குறையும்போது 4 கிலோ பெட்டி தன் வேகத்திலேயே முன்னால் நழுவுகிறது. ஒரே தூரத்தில் பெட்டியின் இடம் ஓட்டத்துக்கு ஓட்டம் 40 மி.மீ.வரை மாறியது. கடைசிப் பகுதியில் டிராக்டர் நின்றால், தட்டின் உராய்வு மொத்த ஸ்லெட்டையும் நிறுத்தும் வேகத்தில் பெட்டிக்கு 1 கிலோ அளவு விசை வருகிறது. எனவே கிளட்ச் அதற்கு மேல் இருக்க வேண்டும். 1.5 கிலோவில் வைத்தேன், மாறுபாடு 3 மி.மீ.க்குள் வந்தது. தடுப்பில் முட்டி வழுக்கும்போது சக்கர விளிம்பில் இது 125 கிராம்தான், ரப்பர் சுலபமாகத் தாங்கும்.

ஜூன் 22

தட்டு: 1.5 மி.மீ. அலுமினியம், 160 நீளம், 200 அகலம். முன் விளிம்பு 25 மி.மீ. மேல் நோக்கி 30 பாகை வளைவு. கூரான மடிப்பு வேண்டாம், ஒரு குழாயின் மேல் வைத்து வளைக்கவும். பக்க விளிம்புகளையும் லேசாகத் தூக்கிவிடவும், இல்லாவிட்டால் மண் தடத்தில் ஸ்லெட் சாயும்போது மூலை குத்தும்.

தட்டைச் சட்டத்தோடு இறுக்கமாகப் பூட்டக் கூடாது. கீலில் தொங்கினால்தான் முழுப் பரப்பும் தரையில் படும். கீலின் ஊசி எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. இங்கே தரையிலிருந்து 8 மி.மீ. இழுக்கும் கொக்கி தட்டில் இருக்கவே கூடாது, சட்டத்தில்தான் இருக்க வேண்டும். தட்டில் உயரமாகக் கொக்கி வைத்தால் ஒவ்வொரு இழுப்பும் தட்டின் மூக்கைக் கீழே அழுத்தும். பிளைவுட்டில் அது தெரியாது. மண்ணில் கலப்பை போலத் தோண்டும்.

கொக்கி உயரம் 15 மி.மீ., சங்கிலி 160 மி.மீ. முழு அளவில் டிராக்டர் கொக்கி 20 அங்குலம் என்று எடுத்தால் இங்கே 32 மி.மீ. ஆக சங்கிலி மேல் நோக்கிச் சரிகிறது. 1.6 கிலோ இழுவையில் இந்தச் சரிவு 170 கிராம் பாரத்தை ஸ்லெட்டின் முன்பக்கத்திலிருந்து தூக்கி டிராக்டரின் பின்சக்கரத்தில் வைக்கிறது. சங்கிலியைக் குறுக்கினால் இது இன்னும் கூடும். போட்டி வைப்பவர் கொக்கி உயரத்தையும் சங்கிலி நீளத்தையும் எல்லா வண்டிக்கும் ஒன்றாகவே வைக்க வேண்டும்.

ஜூன் 25

பயணப்பெட்டி எடை போடும் டிஜிட்டல் தராசைக் கொக்கியில் மாட்டி, ஒரே சீரான வேகத்தில் கையால் இழுத்து அளந்தது. ஒவ்வொன்றும் மூன்று இழுப்பின் சராசரி, 4 கிலோ பெட்டி:

தொடக்கத்தில் 560 கிராம்
2 மீட்டரில் 930
4 மீட்டரில் 1300
5.7 மீட்டரில் 1620

ஏற்றம் சீராக இருக்கிறது, மீட்டருக்கு ஏறக்குறைய 185 கிராம். நடுவில் எங்காவது எண் நின்றுபோனால் சக்கரம் வழுக்குகிறது என்று பொருள். எங்காவது துள்ளினால் தண்டவாளம் இணையாக இல்லை.

கிளம்பும் கணத்தில் தராசு காட்டும் எண்ணைக் குறிக்க வேண்டாம், நின்ற தட்டு முதலில் ஒட்டிக்கொள்ளும். ஓட ஆரம்பித்த பின் வரும் எண்தான் கணக்கு.

ஜூன் 26

பாரத்தை டிராக்டரின் எடை வகுப்புக்கு ஏற்ப மாற்றும் அளவு கிடைத்தது. ஒரு 250 கிராம் துண்டு கூட்டினால் கடைசி மீட்டரில் 70 கிராம் இழுவை கூடும், டிராக்டர் நிற்கும் இடம் சுமார் 35 செ.மீ. பின்வாங்கும். 3.2 கிலோ டிராக்டருக்கு 12 துண்டு சரியாக நிற்கிறது. 2.5 கிலோ வண்டிகளுக்கு நான்கு துண்டு எடுத்துவிட்டால் முடிவில் 1.3 கிலோ இழுவை. துண்டுகளை எடுக்கும்போது இரு வரிசையிலிருந்தும் இரண்டிரண்டாக எடுக்கவும், ஒரு பக்கம் கனத்தால் பெட்டி தண்டவாளத்தில் உரசும்.

மண் தடத்துக்குப் போகும் முன் இந்த அட்டவணையை அங்கேயே மறுபடி எடுக்க வேண்டும். மண்ணின் ஈரம் மாறினால் 0.35 என்ற எண் செல்லாது. தட்டின் அடியில் நீளக் கோடுகள் விழுந்தாலும் அப்படித்தான். கோடு நகத்தில் தட்டுப்பட்டால் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அளக்கவும்.