வைல்ட் கார்ட் யார் கையில் இருக்கிறது?

டென்னிஸ் போட்டியில் தரவரிசையாலோ தகுதிகாண் சுற்றாலோ வராதவருக்கு, நடத்துகிறவர்கள் தாங்களாகக் கொடுக்கிற இடம்தான் வைல்ட் கார்ட். அது கிடைத்தவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைக் கொடுக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிற ஆட்கள் குறைவு. நான் ஒரு காலத்தில் கொடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். டென்னிஸில் இல்லை, மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்து மென்பந்து கிரிக்கெட்டில். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம்.

2025 அமெரிக்க பகிரங்கப் போட்டியில் வீனஸ் வில்லியம்ஸ் வைல்ட் கார்டில் ஆடினார். வயது 45. தரவரிசையில் முதல் நூறுக்குக் கிட்டவும் இல்லை. நியூயோர்க்கில் இரவு ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை நாலரை மணி. எழும்பிப் பார்த்தேன். கரோலினா முகோவாவிடம் மூன்று செட்டில் தோற்றார், ஆனால் நடு செட்டை வென்றுதான் தோற்றார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த மருமகனுக்கு இது பிடிக்கவில்லை. மட்டக்களப்பு நகரில் வளர்ந்த பொடியன்கள் பலரைப் போல அவனுக்கும் கூடைப்பந்துதான் உலகம். டென்னிஸ் என் புண்ணியத்தில் ஒட்டிக்கொண்டது. “ஏன் மாமா, அந்த இடத்தை வளர்ந்து வாற பிள்ளை ஒண்டுக்குக் குடுத்திருக்கலாம்தானே? முதல் சுற்றில தோத்தாலும் 110,000 டொலர்!”

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதென்றால் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

டென்னிஸின் நாலு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் ஒற்றையர் பிரிவுக்கு 128 பேர். அதில் 104 பேர் தரவரிசையால் நேரடியாக வருகிறார்கள். 16 பேர் தகுதிகாண் சுற்றில் மூன்று ஆட்டம் வென்று வருகிறார்கள். மிச்சம் 8 இடம், அதுதான் வைல்ட் கார்ட். சின்னப் போட்டிகளில் எண்ணிக்கையும் சின்னது. ஆண்களுக்கான ஏ.டி.பி. சுற்றுப்பயணத்தில், 28 பேர் ஆடும் 250 என்ற சின்னப் படிப் போட்டியில் 3 இடம். இந்த இடங்களுக்கு யாரை எடுப்பது என்பதைப் போட்டியை நடத்துகிறவர்களே தீர்மானிக்கிறார்கள். விம்பிள்டனில் அதை நடத்துகிற டென்னிஸ் கழகம், பாரிஸில் பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனம், நியூயோர்க்கில் அமெரிக்க டென்னிஸ் சங்கம். தரவரிசை இத்தனைக்குள் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஒருவர் ஓராண்டில் எத்தனை வைல்ட் கார்ட் வாங்கலாம் என்பதற்கு மட்டும் சுற்றுப்பயண விதிகளில் வரம்பு உண்டு. அதிலும் பழைய சம்பியன்களுக்கு விலக்கு.

இப்படி ஒரு வாசல் ஏன் வேண்டும் என்றால், நேரடி நுழைவுக்கான பட்டியல் போட்டிக்கு ஆறு வாரம் முன்னரே மூடப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ஒருவர் நாலு ஆட்டம் வென்று மேலே வந்தாலும் பட்டியல் திறக்காது. காயத்தால் நீண்ட காலம் ஒதுங்கியவர்களுக்குப் ‘பாதுகாக்கப்பட்ட தரவரிசை’ என்று தனி ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதுவும் சில போட்டிகளுக்குத்தான் செல்லும். ஓய்வு பெற்றுத் திரும்புகிறவர், பதினைந்து பதினாறு வயதில் திடீரென்று வெடிக்கிறவர், இவர்களுக்கெல்லாம் பட்டியலில் இடம் இருக்காது. அங்கே யாரோ ஒருவர் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கண்ணால் பார்த்து முடிவெடுப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கழகம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு சுற்றுப்போட்டி வைக்கும். 16 அணி. நுழைவுக் கட்டணத்தை முதலில் கட்டுகிற 14 அணிக்கு இடம். மிச்சம் இரண்டு இடம் குழுவின் கையில். ஒருமுறை அதில் ஒன்றை வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைப் பொடியன்களுக்குக் கொடுத்தோம். மண்டூரிலிருந்து பாதையில், அதாவது மிதவைப் படகில், வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து ஆடுகிறவர்கள். கட்டணம் திரட்டுவதற்குள் இடம் முடிந்துவிட்டது. மற்ற இடத்துக்குத்தான் சண்டை. கிண்ணம் வாங்கித் தந்த கடைக்காரரின் தம்பி ஒரு அணி வைத்திருந்தார். தலைவர் “அவருக்குக் குடுக்காட்டி அடுத்த வருசம் கிண்ணம் இல்லை” என்றார். செயலாளர் எழுந்து போனார். கடைசியில் கொடுத்தோம். படுவான்கரை அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. தம்பியின் அணி அரையிறுதி வரை வந்தது, நல்லாகவும் ஆடியது. அடுத்த வருடம் கிண்ணமும் வந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவனுக்கு விம்பிள்டன் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வாக்குவாதம் கேட்கும்.

நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். 2001 விம்பிள்டனில் குரோஷியாவின் கோரன் இவானிசெவிச் தரவரிசையில் 125. அதற்கு முன் மூன்று முறை அங்கே இறுதியாட்டத்தில் தோற்றவர். தோள்பட்டை காயம் வேறு. பழைய மரியாதைக்கு ஒரு இடம் கொடுத்தார்கள். அரையிறுதியில் உள்ளூர்ப் பிள்ளை டிம் ஹென்மனோடு மழையால் மூன்று நாள் இழுபட்ட ஆட்டம், பிறகு திங்கட்கிழமை இறுதியாட்டத்தில் பட் ராஃப்டரை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வென்றார். 2009 இல் கிம் கிளைஸ்டர்ஸ் குழந்தை பெற்றபின் திரும்பி வந்தார். தரவரிசையே இல்லை. அமெரிக்க பகிரங்கத்தில் வைல்ட் கார்ட் வாங்கி, வொஸ்னியாக்கியை வென்று கிண்ணத்தை எடுத்தார்.

எனக்கு மனதில் நிற்பது 2025 பாரிஸ்தான். லொயிஸ் புவாசோன் என்ற பிரெஞ்சுப் பெண், தரவரிசை 361. முந்தைய வருடமும் அவருக்கு அங்கே வைல்ட் கார்ட் கொடுத்திருந்தார்கள். போட்டிக்குச் சற்று முன் முழங்கால் நார் கிழிந்து போட்டியே இல்லாமல் போனது. அதை மறக்காமல் அடுத்த வருடமும் கொடுத்தார்கள். முன்னணியில் நின்ற பெகுலாவை வென்றார், அண்ட்ரீவாவை வென்றார், அரையிறுதியில் கோகோ கோஃப்பிடம்தான் நின்றார். கொடுக்கிறவர்களுக்கு ஒரு ஞாபகசக்தி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கணினிப் பட்டியலுக்கு முழங்கால் தெரியாது.

சரி, இனி மற்றப் பக்கம். அவுஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்றும் தங்களுக்குள் மாற்றுக்கொடுப்பு வைத்திருக்கின்றன. நீ எங்கள் பிள்ளைக்கு ஒன்று தா, நாங்கள் உங்கள் பிள்ளைக்கு ஒன்று தருகிறோம். எட்டில் இரண்டு அப்படியே போய்விடும். மிச்சத்தில் பெரும்பாலானவை சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு. அதாவது கிராண்ட் ஸ்லாம் நடத்துகிற நாட்டில் பிறந்த, தரவரிசையில் 200 இல் நிற்கிற ஒரு பிள்ளைக்கு, வேறு நாட்டில் பிறந்த 120 ஐவிடக் கதவு அகலம். முதல் சுற்றில் தோற்றாலே வருகிற பணத்தில் ஒரு வருடம் பயிற்சியாளர் வைக்கலாம், விமானச் சீட்டு வாங்கலாம். அந்தப் பணத்தால் அடுத்த வருடம் தரவரிசையும் ஏறும். மருமகன் வீனஸைப் பார்த்துக் கோபப்பட்டான். என் கோபம் இதில்தான். வீனஸ் அந்த அரங்கில் இரண்டு முறை கிண்ணம் எடுத்தவர், ஆட்களைக் கூட்டுகிறவர், கிளைஸ்டர்ஸுக்குக் கொடுத்த அதே காரணம். அது ஒளிவு மறைவில்லாத வியாபாரம்.

வியாபாரம் என்றாலும் எல்லை உண்டு. வைல்ட் கார்டுக்காகக் காசு வாங்குவதோ கொடுப்பதோ டென்னிஸின் ஊழல் தடுப்பு விதிகளில் நேரடியாகத் தடை. இப்படி எழுதி வைக்க வேண்டி வந்ததிலிருந்தே கதை விளங்கும். முகாமை நிறுவனங்கள் வேறு விதம். மயாமிப் போட்டி நீண்ட காலம் ஐ.எம்.ஜி. என்ற நிறுவனத்தினுடையதாக இருந்தது, அதே நிறுவனம் வீரர்களையும் பராமரிக்கிறது. தங்கள் ஆட்களுக்கு இடம் கொடுப்பது அங்கே வழமையாக இருந்தது. ஆனால் 2025 இல் அப்படி இடம் கிடைத்தவர் பிலிப்பைன்ஸின் அலெக்ஸாண்ட்ரா ஈலா. 19 வயது, தரவரிசை 140. ஒஸ்டாபென்கோ, கீஸ், ஸ்வியாடெக் என்று மூன்று கிராண்ட் ஸ்லாம் சம்பியன்களை வரிசையாக வென்று அரையிறுதிக்குப் போனார். எங்கள் கிண்ணக்காரரின் தம்பி அணிதான் ஞாபகம் வந்தது. வந்த வழி கோணல், ஆட்டம் நேர்.

2017 இல் மரியா ஷரபோவா ஊக்கமருந்துத் தடை முடிந்து திரும்பியபோது ஒவ்வொரு போட்டியும் தன் குணத்தைக் காட்டியது. ஸ்டுட்கார்ட் கொடுத்தது, மட்ரிட் கொடுத்தது. பிரெஞ்சுச் சம்மேளனத் தலைவர் மாட்டேன் என்றார். காயத்திலிருந்து வருகிறவருக்கு இந்த வாசல் உண்டு, ஊக்கமருந்துத் தடையிலிருந்து வருகிறவருக்கு இல்லை என்பது அவர் நிலை. நியூயோர்க் கொடுத்தது, ஷரபோவா முதல் சுற்றிலேயே ஹலெப்பை வீழ்த்தினார். அரங்கு நிறைந்திருந்தது. இரண்டு முடிவையும் நான் மதிக்கிறேன், பாரிஸைக் கொஞ்சம் கூடுதலாக.

இதையெல்லாம் நாம் ஏன் பார்க்க வேண்டும்? சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏ.டி.பி. போட்டி இருந்த காலத்தில், 2009 இல், இந்தியாவின் சோம்தேவ் தேவ்வர்மன் வைல்ட் கார்டில் புகுந்து மோயாவை வென்று இறுதியாட்டம் வரை போய் மரின் சிலிச்சிடம் தோற்றார். 2017 க்குப் பிறகு அந்தப் போட்டி புனேக்குப் போனது. தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவனுக்கு வீட்டு வாசலில் இருந்த அந்த மூன்று இடமும் அதோடு போனது.

எங்களிடம் அவ்வளவுகூட இருந்ததில்லை. சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் (ஐ.டி.எஃப்.) அடிப்படிப் போட்டிகள் கொழும்பில் இலங்கை டென்னிஸ் சங்கத்தின் களிமண் மைதானங்களில் நடந்திருக்கின்றன. அந்தப் படியில் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டொலர். ஆனால் 32 பேர் ஆடும் அட்டவணையில் நான்கு வைல்ட் கார்ட் உண்டு, தகுதிகாண் சுற்றுக்கும் தனியாக உண்டு. உலகத் தரவரிசையில் முதல் புள்ளி எடுக்க வேறு வழி வெளிநாட்டுப் பயணம்தான். ஆகவே இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த நான்கு இடம் சின்ன விஷயம் இல்லை.

மருமகனிடம் சொன்னது இதுதான். பிரித்தானியாவில் விம்பிள்டன் தகுதிகாண் சுற்றின் வைல்ட் கார்டுக்கே ஒரு பிளே-ஓஃப், அதாவது அந்த இடத்துக்காகத் தங்களுக்குள் ஆடிப் பார்க்கிற சுற்று, வைத்திருந்தார்கள். 2016 இல் மார்க்கஸ் வில்லிஸ், தரவரிசை 772, கிளப்பில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், அந்த பிளே-ஓஃப் வழியாக நுழைந்து, தகுதிகாண் சுற்றையும் கடந்து, சென்டர் கோர்ட்டில் ஃபெடரரோடு ஆடினார். தோற்றார், அது வேறு. கொழும்புப் போட்டிகளிலும் ஒரேயொரு தகுதிகாண் இடத்தையாவது இப்படி வெளிமாவட்டப் பிள்ளைகளுக்குள் ஆடி எடுக்கும்படி வைக்கலாம். பெயர் தெரிந்தவர் கேட்டார், தெரியாதவர் கேட்கவில்லை என்ற நிலைமை அந்த ஒரு இடத்திலாவது இருக்காது.

“ஆடுறதுக்கு எங்கட பக்கம் டென்னிஸ் பிள்ளைகள் எங்க மாமா?” என்றான். ஓம், அதுவும் சரிதான். இடம் இருக்கிறது என்று தெரிந்தால் உதயதேவி ரயிலில் ஏறி கொழும்புக்குப் போய்ப் பார்க்க இரண்டு பேராவது வருவார்கள் என்பது என் கட்சி. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.