சோளகத்துக்க தண்ணி ரொக்கெட் விட்ட கதை

கிளிநொச்சிப் பக்கம் பள்ளிக்கூடப் பொடியளோட தண்ணி ரொக்கெட் விடப்போற ஆக்களுக்காக எழுதுறன். எங்களுக்கு ரெண்டு கிழமை வீணாப் போச்சு, இன்னும் மனசு ஆறேல்ல.

கிறவுண்டுக்கு அனுமதி கேட்டுப் போனா, கிளாக் "ரொக்கெட்" எண்ட சொல்லைக் கண்ட உடனே கடிதத்தைத் தள்ளி வச்சிட்டார். "மாஸ்டர், பொலிஸ் கடிதம் கொண்டு வாங்கோ." பொலிஸில ஜி.எஸ்ஸின்ர (கிராம சேவகரின்ர) கடிதம் கேட்டினம், ஜி.எஸ் அண்டைக்கு ஒஃபிஸில இல்லை, வெயிலுக்குள்ள மோட்டச்சைக்கிளில அலைஞ்சு வெறுங்கையோட வந்தன். இந்த மண்ணில அந்தச் சொல்லுக்கு ஆக்கள் பயப்பிடுறது நியாயம்தான், ஆனா ரெண்டாவது வரியையாவது வாசிச்சிருக்கலாம். கடைசியில "சோடாப் போத்தலில தண்ணியும் காத்தும் அடைச்சு விடுற விஞ்ஞானச் செயற்பாடு, வெடிமருந்தோ நெருப்போ இல்லை" எண்டு மாத்தி எழுதி அதிபரின்ர சீல் குத்திக் குடுத்தன், பத்து நிமிசத்தில கையெழுத்து. முதலே அப்பிடி எழுதுங்கோ.

ஸ்டாண்ட் அடிச்சது ஒரு பின்னேர வேலை. பிறகுதான் காத்து. ஜூலை மாதத் தென்மேற்குச் சோளகம், பம்ப் அடிக்க அடிக்க போத்தல் ஆடி வாயால தண்ணி கசியுது. மறைப்புக்குத் தகரம் நட்டம், இன்னும் மோசம்! காத்து தகரத்துக்கு மேலால ஏறி இங்கால சுழண்டு விழுந்து போத்தலைப் பிடிச்சு உலுப்பிச்சு. தகரத்தைக் கழட்டிப்போட்டு ஆறடி உயரத்துக்குக் கிடுகை ஐதாக் கட்டினம், பாதிக் காத்து ஊடால போகட்டும் எண்டு. வேலியில இருந்து பதினைஞ்சடி தள்ளி ஸ்டாண்டை வச்சம், காத்துப் பாக்கத் தடியில கட்டின றிபன் அடங்கிச்சு.

உண்மையான ரொக்கெட்டுக்கு என்ன செய்வினம் எண்டு பொடியள் கேட்டவை. 2022 செப்டெம்பரில இயன் புயல் வரேக்க நாசா தன்ர ஆர்டெமிஸ் சந்திர ரொக்கெட்டை ஏவுதளத்தில இருந்து கட்டடத்துக்குள்ளயே திருப்பிக் கொண்டு போனது. முந்திச் சந்திரனுக்கு ஆக்களைக் கொண்டுபோன சற்றர்ன் 5 ரொக்கெட் ஏவுதளத்தில நிக்கிற நேரம் காத்துக்கு ஆடாமல் கோபுரத்தோட ஒரு தணிப்பான் பூட்டி இருந்தவை. அதைக் கேட்ட ஒரு பொடியன் அடுத்த நாள் கவட்டுத்தடி ஒண்டு வெட்டி, கவட்டுக்குச் சைக்கிள் ரியூப் சுத்திக் கொண்டு வந்தான். ரெண்டு செட்டைக்கும் நடுவால போத்தலைத் தாங்கிற மாதிரி நட்டம், கசிவு நிண்டிட்டுது.

வேலிக்கு மேல போனாப் பிறகு மறைப்பு இல்லை, கவனம். செட்டை பெருசெண்டா காத்து அதில பிடிச்சு மூக்கைக் காத்து வாற பக்கம் திருப்பிப்போடும், அளவா வெட்டுங்கோ, ஒரேயடியாச் சின்னனாக்கினாலும் குத்துக்கரணம் அடிக்கும். சனத்தைக் காத்து வாற பக்கமும் நிக்க விடாதேங்கோ, காத்து போற பக்கமும் நிக்க விடாதேங்கோ.

நாங்கள் காலமை ஆறரைக்கு, சோளகம் எழும்ப முதல் விட்டம். நேரா மேல போச்சு, அந்தப் பொடியன்ர முகத்தைப் பாக்கவேணும்! கிடுகு பள்ளிக்கூட ஸ்ரோர் றூமில கிடக்கு, வேணுமெண்டா வந்து ஏத்திக்கொண்டு போங்கோ.