விஷன்சர் முதல் கங்காபல் வரை: காஷ்மீர் ஏரிகளின் வழியே

ஆகஸ்ட் 6, நிச்நாய்

காலையில் சோனாமார்க் அருகே ஷிட்கடியில் ஏற ஆரம்பித்தோம். முதல் மேடு முடிந்ததும் எதிர்ப்பக்கம் தஜிவாஸ் பனியாறு தெரிந்தது. அப்புறம் பூர்ஜ மரக் காடு, ஆங்கிலத்தில் பிர்ச். பட்டை அடுக்கடுக்காக உரிந்து தொங்குகிறது. கீழே கிடந்த ஒரு துண்டை விரித்துப் பார்த்தேன். உள்பக்கம் இளஞ்சிவப்பு, குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். காகிதம் வருவதற்கு முன்னால் காஷ்மீரத்தில் சுவடி எழுதியது இந்தப் பட்டையில்தான். நமக்குப் பனையோலை மாதிரி.

ஆகஸ்ட் 7, விஷன்சர்

நிச்நாய் கணவாய் 4,000 மீட்டருக்கு மேல். நின்று நின்றுதான் ஏற முடிந்தது. மறுபக்கம் நீளமான புல்வெளி, ஆட்டு மந்தைகள். ஏரியைப் பார்க்க முகாமிலிருந்து ஒரு மேடு ஏறினால் போதும். ஏறினோம். அப்புறம் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 8, விஷன்சர்

ஓய்வு நாள் என்று பெயர். மேலே கிஷன்சர் வரை போய்வந்தோம். கிஷன்சரின் நீர் ஓடையாக இறங்கி விஷன்சரில் விழுகிறது. விஷன்சரை விட்டு வெளியேறும்போது அதுதான் கிஷன்கங்கா. அந்த முதல் ஓடையில் கால் வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். இதே நீர் குரேஸ் வழியாகப் போய், எல்லைக் கோட்டைத் தாண்டியதும் நீலம் என்று பெயர் மாறி, முசாஃபராபாத்தில் ஜீலத்தில் கலக்கிறது. தாண்டக்கூடிய ஓடையாக அதைப் பார்த்ததுதான் எனக்கு இன்றைய நாள்.

ஆகஸ்ட் 9, கட்சர்

இந்த வழியில் மிக உயரமான இடம் கட்சர் கணவாய், ஏறத்தாழ 4,200 மீட்டர். செங்குத்து. உச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தால் இரண்டு ஏரிகளும் பக்கத்தில் பக்கத்தில், ஆனால் ஒரே நிறமில்லை. பனியாறு அரைத்த பாறைத்தூள் எவ்வளவு கலந்திருக்கிறது, ஆழம் என்ன, வெயில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து நிறம் மாறுமாம்.

கட்சரில் ஆகஸ்டிலும் பனிக்கட்டிகள் மிதக்கின்றன. கரை முழுக்க ஊதாவும் மஞ்சளுமாகப் பூ. அங்கே ஒரு பகர்வால் குடும்பம் எங்களைக் கூப்பிட்டு உப்புத் தேநீர் கொடுத்தது. ரஜௌரிப் பக்கமிருந்து வசந்தத்தில் ஆடுகளோடு நடந்தே வந்தவர்கள், இலையுதிர் காலத்தில் நடந்தே திரும்புவார்கள். நாம் சாகசம் என்று சொல்வது அந்த வீட்டுப் பாட்டிக்கு வருடாந்திர வேலை. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இதே கணவாய்களைக் கடந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 10, சத்சர்

ராணுவச் சோதனை, அடையாள அட்டை, பெயர்ப் பதிவு. மதியத்துக்கு மேல் மழை. கூடாரத்திலேயே.

ஆகஸ்ட் 11, நந்த்கோல்

காலை முழுக்கப் பாறைக் குவியல் மேல் நடை. ஜஜ் கணவாயில் ஏறியதும் கங்காபல், நந்த்கோல் இரண்டும் கீழே, மேலே 5,142 மீட்டர் ஹர்முக். காஷ்மீரப் பண்டிதர்கள் அஸ்தி கரைக்கும் ஏரி கங்காபல். நூறாண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த யாத்திரை 2009-ல் மறுபடி தொடங்கியது என்றார் குதிரைக்காரர். இங்கிருந்து நீர் வாங்கத் ஓடையாக இறங்கிச் சிந்த் ஆற்றில் (சிந்து நதி இல்லை, இது வேறு) சேர்ந்து, அதுவும் ஜீலத்துக்கே போகிறது.

நந்த்கோல் கரையில் பிஸ்கட் உறைகள், நூடுல்ஸ் பாக்கெட்டுகள். மனசு கொதித்தது. கீழே உள்ள ஊர்கள் குடிக்கிற நீர் இது. ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினோம். குதிரைக்காரர் மறுபேச்சில்லாமல் கட்டி ஏற்றிக்கொண்டார். வரப்போகிறவர்கள் காலிச் சாக்கு ஒன்று எடுத்து வாருங்கள்.

ஆகஸ்ட் 13, நாரநாக்

ஃபிர் காடு வழியே செங்குத்தான இறக்கம், முழங்கால் கெஞ்சியது. நாரநாக்கில் 8-ஆம் நூற்றாண்டின் காஷ்மீர மன்னன் லலிதாதித்தன் காலத்துக் கோயில்கள் இடிந்த நிலையில் நிற்கின்றன. பக்கத்தில் கல் கட்டிய ஊற்றுக்குளம், இன்றைக்கும் நீர் தெளிவாக ஊறுகிறது. முகம் கழுவிவிட்டு ஜீப்பில் சாக்கை முதலில் ஏற்றினோம், கங்கனில் குப்பை போட இடம் இருக்கிறதாம்.