52 கிலோ

ஜனவரி 9

தரையிலிருந்து பளுவைத் தூக்கும் டெட்லிஃப்ட், 50 கிலோ. கம்பி தரையைவிட்டு எழும்பும் அந்த மூன்று நொடியில் மண்டைக்குள் ஓடும் எல்லாப் பேச்சும் நின்றுபோகிறது. சட்டை தோளில் இறுகுகிறது. "போதும்டி, ஆம்பளை மாதிரி ஆயிடுவே" என்றாள் அக்கா. பெண்ணுடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்குச் சுரப்பதில் சிறு பங்குதான். அவள் பயப்படுகிற மாதிரி தசை அவ்வளவு எளிதில் புடைத்துவிடாது. விளக்கத் தோன்றவில்லை. எனக்கு இந்தத் தோள் பிடித்திருக்கிறது. இன்னும் வேண்டும்.

ஜனவரி 23

கூட்டத்தில் என் பேச்சைப் பாதியில் வெட்டினார்கள். சிரித்துச் சமாளித்தேன். சாயங்காலம் ஜிம்மில் இரண்டு செட் கூடுதல்.

பிப்ரவரி 2

காய்ச்சல். ஜிம்முக்குப் போகவில்லை. திருட்டுத்தனம் செய்தவள் போல நாள் முழுக்கக் குறுகுறுப்பு.

தசைமீதான நாட்டத்தை அளக்க மெக்கிரியரி, சாஸ் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட 15 கூற்றுகளைப் படித்தேன். ஒரு நாள் பயிற்சி தவறினால் குற்ற உணர்வு வருகிறதா என்பதும் அதில் ஒன்று. படுக்கையில் கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உணர்ச்சியை ஆள்வது பற்றி கிராஸ், ஜான் என்ற உளவியலாளர்கள் 2003-இல் தந்த கேள்வித்தாளும் கிடைத்தது. அது இரண்டு பழக்கங்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, நடந்ததையே வேறு விதமாக எண்ணிப் பார்ப்பது. மற்றது, உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் அடக்குவது. நான் இரண்டாவது ஆள். கூட்டத்தில் சிரித்தேனே, அதுதான். அடக்கியதையெல்லாம் கம்பியில் கொண்டுபோய் ஏற்றுகிறேன். எடை கூடியதே தவிர, அடக்கியது ஒன்றும் குறையவில்லை.

பிப்ரவரி 18

மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. மருத்துவர் முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. உழைப்புக்கு ஈடாக உணவு போகாவிட்டால் உடம்பு முதலில் இதைத்தான் நிறுத்திவைக்குமாம். நீடித்தால் எலும்பும் வலுவிழக்கும். வலுவுக்காகத் தொடங்கியவள் நான். எழுந்திருக்கும்போது, "எதற்காக ஆரம்பித்தீர்கள்?" என்று கேட்டார். உடம்புக்கு நல்லதென்று, என்றேன். அது பொய்.

மார்ச் 3

இதை எழுதிவிடுகிறேன். அம்மா குளியலறையில் விழுந்த அன்று என்னால் தூக்க முடியவில்லை. கடைசியாக எடை பார்த்தபோது அவள் 52 கிலோ. அக்குளில் கை கொடுத்து இழுத்தேன், வழுக்கியது. ஆள் வரும்வரை இருபது நிமிடம் ஈரத்தரையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "விடும்மா, உனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்" என்றாள். அவள் போய்ப் பத்தாம் நாள் ஜிம்மில் சேர்ந்தேன். அழவில்லை.

மார்ச் 4

நேற்று எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள்தான் முதலில் அழுதாள்.

மார்ச் 20

தசை வளர்வது ஓய்வில்தான் என்று பயிற்சியாளர் முதல் நாளே சொன்னதுதான். இப்போதுதான் காதில் விழுகிறது. வாரத்துக்கு ஆறு நாள் மூன்றாகிவிட்டது. வயிறாரச் சாப்பிடுகிறேன். ஓய்வு நாள் சாயங்காலங்கள்தான் கடினம், கைக்கு வேலை இல்லாமல் நெஞ்சு அடைக்கிறது. அப்போது அக்காவுக்கு ஃபோன் போடுகிறேன்.

பளு தூக்குவதை விடப்போவதில்லை. இன்று 55 தூக்கினேன். கம்பியை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தேன், சத்தமே வராமல்.