முகாமிலிருந்து வார்டு வரைக்கும்: வழி எங்கே அடைபடுகிறது?

யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்ன வயசில் கனடா போய்ச் சேர்ந்த கரி ஆனந்தசங்கரி 2015இல் அங்கே நாடாளுமன்ற உறுப்பினர், 2025இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சர். இந்தச் செய்தியை நம்மூர் ஆட்கள் பெருமையோடு பகிர்ந்தார்கள். சரி, பவானிசாகர், பூளுவப்பட்டி, அரச்சலூர், ஆழியார், கரூர் இராயனூர் என்று நம் பக்கத்திலேயே இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம்கள் இருக்கின்றனவே. அங்கே வளர்ந்த ஒருவர் பேரூராட்சி வார்டுக்கு நிற்க வேண்டுமென்றால் என்ன ஆகும்? அதைக் கேட்பவர்கள் குறைவு.

திறமை இல்லாததால் நின்றுபோன விஷயம் அல்ல இது. உள்ளூர் அரசியலுக்கு வேண்டிய பழக்கம் எல்லாம் முகாமிலேயே கிடைத்துவிடுகிறது. முகாம் தலைவர் என்று ஒருவர் இருப்பார். தண்ணீர் வராவிட்டால் யாரைப் பார்ப்பது, அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை தாமதமானால் வருவாய் ஆய்வாளரிடம் எப்படிப் பேசுவது, முகாமைக் கண்காணிக்கும் போலீஸ் கியூ பிரிவுக்கு என்ன பதில் சொல்வது, வெளியூர் பெயிண்ட் வேலைக்குப் போன பையன் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் பதிவு நாளுக்குத் திரும்பாவிட்டால் என்ன செய்வது, எல்லாம் அவர் தலையில்தான். பத்துக்குப் பத்து வீட்டில், ஒரே குழாயில் குடம் வரிசை போட்டு வளர்ந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பு தாண்டும் முன்பே மனு எழுதப் பழகியிருப்பார்கள். ஊருக்குள் பால் சொசைட்டியிலும் கோயில் கமிட்டியிலும் பழகிவிட்டு வார்டுக்கு நிற்கிறவர்களுக்கு இந்தப் பயிற்சி கிடையாது.

அடைப்பு இருப்பது சட்டத்தில்.

ஒரே இலங்கையிலிருந்து வந்த இரண்டு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். கண்டியில் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் வழியாக வந்தவர்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் நிறையப் பேர். டான்டீ என்ற தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அமைந்தன. கால் வைத்தபோதே குடிமக்கள். ஓட்டு உண்டு, வார்டுக்கு நிற்கலாம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகில் வந்தவர்களிடம் கடவுச்சீட்டு இல்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது. அந்த ஒரு சொல் மேலே ஏறிவிட்டால் பதிவு வழியிலும் குடியுரிமை கேட்க முடியாது, இத்தனை வருஷம் இங்கேயே வாழ்ந்தேன் என்ற வழியிலும் கேட்க முடியாது. உள்ளூர் ஆளைக் கல்யாணம் பண்ணியிருந்தாலும் அதே கதைதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும் மட்டும். இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கு 2025 செப்டம்பரில் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு வந்தது. கைது பயம் போயிற்று, அவ்வளவுதான். அது குடியுரிமை இல்லை.

பெரியவர்களுக்கு வழி இல்லை என்றால் இங்கே பிறந்தவர்களுக்கு? இங்கேதான் தேதியைக் கவனிக்க வேண்டும்.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். முதல் அலையில் வந்த குடும்பங்களில் 1983க்கும் 1987 ஜூனுக்கும் நடுவில் பிறந்தவர்கள் இதில் வருவார்கள். இன்றைக்கு நாற்பதை ஒட்டிய வயசு. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். இந்த வயசுக்காரர்களில் பலர், தாங்கள் ஏற்கெனவே குடிமக்கள் என்பதே தெரியாமல் முகாம் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்கு, அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு அது போதாது. இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகன், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர். கோபிப் பக்கத்துப் பெண் ஒருவர் முகாம் பையனைக் கட்டிக்கொண்டார் என்று வையுங்கள். 2003இல் பிறந்த மூத்தவனுக்கு ஓட்டு உண்டு. 2005இல் பிறந்த தம்பிக்குக் கிடையாது. ஒரே வீடு, ஒரே அம்மா.

தகுதி இருப்பவர்களும் காகிதத்தில் வழுக்கி விழுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். முகாம் அட்டையில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பள்ளி மாற்றுச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. குடிசையிலேயே பிரசவமாகிப் பதிவே செய்யாதவர்களும் உண்டு. ஒரு வருஷம் தாண்டிய பிறப்பைப் பதிய அதிகாரியின் உத்தரவு வேண்டும். முதலில் பிறப்புச் சான்றிதழைச் சரிசெய்யுங்கள், பிறகு மற்றவற்றை அதற்கு ஒத்துவரும்படி மாற்றுங்கள். தலைகீழாகப் போனால் ஒவ்வொரு அலுவலகமும் இன்னொன்றைக் கைகாட்டும்.

ஆதாரை வைத்து, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 போட்டுவிடலாம் என்று சொல்லித் தரும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆதார் இங்கே குடியிருப்பவர் என்பதற்குத்தான். முகாமில் பெரும்பாலோரிடம் அது இருக்கிறது. படிவத்தில் ‘நான் இந்தியக் குடிமகன்’ என்று உறுதி சொல்கிறோம். பொய் என்று தெரிந்தே சொன்னால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தகுதி உறுதியாகாதவர் அதைத் தொடவே கூடாது.

கிராம ஊராட்சி எல்லைக்குள் முகாம் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முகாம்வாசிகளும் தலை எண்ணப்படுவார்கள். கிராம சபைக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்பது அந்த மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. முகாமைச் சேர்த்ததால் ஊர் 3,000ஐத் தாண்டினால் 200 பேர் வேண்டும். ஆனால் சபையின் உறுப்பினர் என்றால் வாக்காளர்தான். முகாம்காரர் போய் உட்காரலாம், குழாய்ப் பிரச்சினையைச் சொல்லலாம். கணக்கில் வரமாட்டார்.

குடியுரிமை இல்லாமலே செய்யக்கூடியதும் உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பெற்றோராக இருப்பதுதான் தகுதி. முகாம் அம்மாக்கள் இதை விடக் கூடாது, ஊர்க்காரர்களோடு ஒரே பாயில் சமமாக உட்காரக் கிடைக்கும் அபூர்வமான இடம் அது. தகவல் உரிமைச் சட்டம் மட்டும் குடிமக்களுக்கானது. அந்த மனுவை உள்ளூர் நண்பர் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டவருக்கு மீதி சுலபம். வயசு 21. டெபாசிட் ஊராட்சி வார்டுக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600, பேரூராட்சி வார்டுக்கு 1,000; ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பாதி. முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். பங்காளி, மாமன் மச்சான் என்று ஓட்டுப் பிரியும் நம் ஊர்களில் வெளியாளுக்கு இந்த ஒரு கையெழுத்துதான் உண்மையான பரீட்சை. ஊராட்சி வார்டில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் அங்கே நிற்பது எளிது. பேரூராட்சியில் கட்சிதான் பேசும். தனி வார்டு என்றால் வட்டாட்சியர் கொடுத்த சாதிச் சான்றிதழ் வேண்டும். தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் இது வேட்புமனு சமயத்தில்தான் ஞாபகத்துக்கு வருகிறது; பழைய குடும்ப அட்டையும் கடவுச்சீட்டும் தாத்தாவோடு போயிருக்கும். ஆறு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.

முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் நிற்கத் தடை. இது தோற்றவருக்கும் உண்டு, முதல் தடவை நிற்பவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான்.