கத்தார் வடக்குச் சுற்று: ருவைஸ்–ஸுபாரா பக்கக் காற்று வசப்பட்டது

இந்த வெள்ளிக்கிழமை நடந்தேவிட்டது. ருவைஸிலிருந்து ஸுபாரா கோட்டை வரை நாங்கள் நால்வரும் சைக்கிளில் சிதறாமல் ஒரே கட்டாக வந்து சேர்ந்தோம். அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இதற்கு முன்பெல்லாம் ஜுமைல் தாண்டியதும் ஒருவர் கழன்றுவிடுவார், அடுத்த கொஞ்ச தூரத்தில் இன்னொருவர். கோட்டை வாசலில் காத்திருந்து ஆள் சேர்ப்பதே வேலையாக இருக்கும்.

பாதை வழக்கமானதுதான்: அல் கோர், தகீரா, ஃபுவைரித் பக்கம், ருவைஸ், ஸுபாரா, திரும்ப அல் கோர். சுமார் 150 கிலோமீட்டர், பெருநெடுஞ்சாலையை முடிந்தவரை தவிர்த்து. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கத்தாரின் மிக உயரமான இடமே 103 மீட்டர்தான், அதுவும் தெற்கே இருக்கிறது. மலை ஏறுகிறவர்களுக்கு மலை எப்படியோ, எங்களுக்கு ஷமால் காற்று அப்படி. அது வடமேற்கிலிருந்து அடிக்கும், இரவில் அடங்கி, வெயில் ஏற ஏற வலுக்கும். அதனால் இந்தச் சுற்றை இடஞ்சுழியாக ஓட்டுவதுதான் சரி என்று அடித்துச் சொல்வேன். காற்று எழும்புவதற்குள் வடக்கே போய்விடலாம். கால் சோர்ந்த பிறகு ஸுபாராவிலிருந்து அல் கோர் வரை பின்காற்று கிடைக்கும். சிக்கல் நடுவில்தான். ருவைஸிலிருந்து சாலை தென்மேற்காகத் திரும்பும்போது காற்று வலது தோளில் நேராக வந்து மோதும்.

விடியும்போது தகீராவில் இருந்தோம். கடல் ஏறியிருந்ததால் மூச்சு வேர்களின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இங்கே இருப்பது வெண்கண்டல் என்ற அலையாத்தி, பிச்சாவரத்தில் அடர்ந்து நிற்கும் அதே மரம். ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள், பொடி உப்பு படிந்திருக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுகிறது. தூரத்துச் சேற்றில் பூநாரைக் கூட்டம் ஒன்று தலை கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது. இங்கே நின்றால் நேரம் போவதே தெரியாது. ஆனால் நேரம் போனால் காற்று ஏறிவிடும், கிளம்பிவிட்டோம்.

ருவைஸில் மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில் ஒரு மலையாளி கடையில் கரக் டீயும் பரோட்டா ரோலும். அங்கேயே தரையில் கோடு போட்டு எஷலானை, அதாவது பக்கக் காற்றுக்குச் சாய்வாக வரிசை கட்டி ஓட்டும் முறையை, இன்னொரு முறை பேசி வைத்துக்கொண்டோம்.

விஷயம் இதுதான். எதிர்காற்றில் முன்னால் போகிறவரின் நேர் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும், அவரே காற்றை மறைத்துவிடுவார். பக்கக் காற்றில் அந்த மறைவு சாய்ந்துவிடும். காற்று வலப்பக்கமிருந்து வந்தால் பின்னால் வருபவர் முன்னவரின் இடப்பக்கமாக, அவர் பின்சக்கரத்தோடு தன் முன்சக்கரம் கொஞ்சம் இணையாகப் போகும்படி வர வேண்டும். பயமெல்லாம் இந்த இடத்தில்தான். சக்கரம் சக்கரத்தில் உரசினால் கீழே விழுவது பின்னவர்தான். அதனால் முன்னால் இருப்பவர் கோடு பிடித்த மாதிரி ஓட்ட வேண்டும், எழுந்து நின்று மிதிக்கவே கூடாது.

முன்னால் இழுத்தவர் விலகும்போது எந்தப் பக்கம் விலகுவது? இதில்தான் எங்கள் குழு இத்தனை நாள் உடைந்துகொண்டிருந்தது. மறைவுப் பக்கம் விலகினால் ஏறி வருகிறவர்மேலேயே போய்விழுவோம். காற்று வரும் பக்கம்தான் விலக வேண்டும். அப்போது பின்னுக்கு நகர்கிற அந்த ஆளே முன்னேறுகிறவர்களுக்குத் தடுப்பாகவும் இருப்பார். ஆனால் கத்தாரில் வண்டி ஓடுவது வலப்பக்கம், காற்றும் வலப்பக்கம். முதல் ஆள் தார் விளிம்பை ஒட்டிப் போனால் விலகுவதற்கு சரளையைத் தவிர இடமே இருக்காது. எனவே முதல் ஆள் ஒரு சைக்கிள் அகலம் விட்டு உள்ளே தள்ளி ஓட்ட வேண்டும். வழியெல்லாம் தம்பி ஒருவன், “அண்ணே, வலது பக்கம் இடம் விடுங்க” என்று கத்திக்கொண்டே வந்தான். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. சாய்வு வரிசை இடப்பக்கமாகச் சாலைக்குள் நீளும் என்பதால் நாலு பேருக்கு மேல் இதைச் செய்யவே வேண்டாம். பின்னால் லாரி தெரிந்தால் உடனே ஒற்றை வரிசை. லாரி கடக்கும்போது அதன் உறிஞ்சலும் காற்றின் தள்ளலும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கும்.

2016 உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் பெல்ஜியக்காரர்கள் போட்டியை உடைத்தது இதே வடக்குப் பாலைவனத்தின் பக்கக் காற்றில்தான். பீட்டர் சாகன் முதல் குழுவின் வாலில் எப்படியோ ஒட்டிக்கொண்டார், தோஹாவில் ஸ்பிரிண்ட் அடித்து ஜெயித்தார். கேவண்டிஷ் இரண்டாவது, போனன் மூன்றாவது. அந்த வாலில் ஒட்டும் கணம் எவ்வளவு கடினம் என்று இப்போது உடம்புக்குத் தெரிகிறது. பின்னுக்கு நகரும்போது கடைசி ஆள் கடப்பதற்கு முன்பே மிதியைக் கூட்ட வேண்டும், கடந்த பிறகு கூட்டினால் இடைவெளி விழுந்துவிடும்.

சக்கரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்தின் ரிம் 50 மி.மீ. ஆழம் இருந்தாலும் பரவாயில்லை, அது திரும்பாது. ஹேண்டில்பாரைப் பிடுங்குவது முன்சக்கரம். முன்னால் 30 மி.மீ. ஆழத்தில் ஒரு ரிம் போட்டதும் கை நடுக்கம் நின்றது. ஆனால் தனி முன்சக்கரம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போன கடையிலெல்லாம் ஜோடியாகத்தான் தருவோம் என்றார்கள், ஒரு கடையில் விலைகூடச் சொல்லவில்லை. கடைசியில் நண்பர் ஒருவரிடம் பழையதை மாற்றிக்கொண்டேன். டயர் அகலம் 28 மி.மீ., காற்று 65 பிஎஸ்ஐ. செயினுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம், மணல் அப்பிக்கொள்ளும். பாரஃபின் மெழுகைக் குக்கரில் உருக்கி முக்கி எடுக்கிறேன். ஊரில் மெழுகுவத்தி செய்கிறவர்களுக்கு விற்கிற கடையில் கட்டியாகக் கிடைக்கிறது, யாராவது லீவு முடிந்து வரும்போது சொல்லிவிட்டால் போதும்.

கோட்டை 1938-இல் கட்டியது. மூன்று மூலைகளில் உருண்டைக் கோபுரம், நாலாவதில் மட்டும் செவ்வகம். நிறைய பேர் அதோடு படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். 1811-இல் அழிக்கப்பட்ட முத்துக்குளிப்பு நகரம் கடல் பக்கம் இன்னும் தள்ளி இருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது அந்த நகரம். ஷூவின் அடியில் பெடலில் மாட்டுவதற்காக இருக்கும் கிளீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டு நடந்தோம். இடுப்பளவு சுவர்களுக்கு நடுவே ஓர் அறையின் தரை முழுக்க வரிவரியாகப் பள்ளம். பேரீச்சம்பழ மூட்டைகளை அதன்மேல் அடுக்குவார்களாம். எடையில் கசியும் பாகு பள்ளம் வழியே ஓடி ஜாடியில் சேரும். தார்ச்சாலையில் விர்ரென்று போகிறவர்கள் இதற்காக ஒரு அரை மணி ஒதுக்குங்கள்.

பின்காற்றுப் பகுதியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அங்கே பெரிய பல் சக்கரம் போதாமல் போகிறது, இப்போதிருக்கும் 52 பல் சக்கரத்தை மாற்றலாமா என்று யோசனை. அதற்கு முன்னால் ஜஸ்ஸாஸியா பாறைச் செதுக்கல்களைச் சுற்றில் சேர்க்க ஆசை. கடைசித் தூரம் மண் பாதை என்பதால் 32 டயர் என் ஃபிரேமில் நுழையுமா என்று பார்க்கிறேன். யாரிடமாவது பழைய 32 ஜோடி இருந்தால் சொல்லுங்கள்.